காலில் பலத்த காயம்

நைனா,

இன்று காலை என் மேஜைக்கு எதிரே கட்டுப் போட்ட ஒரு கை வந்து நின்றது. ஐந்தாம் வகுப்புப் பெண். வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெள்ளைத் துணி. பக்கத்தில் அவள் அப்பா, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு, கையில் ஒரு காகிதத்தோடு நின்றார். மின்விசிறிக் காற்றில் டிங்சர் வாடை என் பக்கம் அடித்தது. "மேடம், பொண்ணுக்குக் கையில..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், "லீவு லெட்டரா? மொதல்ல கட்டை அவுருங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'அவுரு மேடம்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டோடு வருகிற எந்தப் பிள்ளையையும் நான் அப்படியே நம்பியதில்லை. தலைமை ஆசிரியை ஆவதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதற்குக் காரணம் நீ.

அந்த மனிதர் தயங்கினார். தயங்கினாலே எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிடும். நானே எழுந்து போய் முடிச்சில் கை வைத்தேன். உள்ளே என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. நீ போய் ஆறு வருஷமாகிவிட்டது, இனிமேல் நீ கையைக் கூப்பிக்கொண்டு நழுவ முடியாது. பெற்ற அப்பன் என்றாலும், உயிரோடு இருந்தபோது உன்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்தாய் என்பதற்காக மரியாதையைக் கூட்டப்போவதில்லை.

உன்னை ஊரே கம்பவுண்டர் என்று கூப்பிட்டது. நீ கம்பவுண்டர் இல்லை. சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிற ஆள். உன் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுமுடி சுமந்தவர். நம் குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளைச் சட்டை போட்டு அரசாங்க வேலைக்குப் போனவன் நீ. அந்தச் சட்டையில் எனக்கும் பெருமை இருந்தது. நான்தான் அதைத் துவைத்துக் காயப்போடுவேன். சட்டைக்குள் இருந்த ஆளைத்தான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

உனக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரியாது. யார் வந்து எதைக் கேட்டாலும் பல்லைக் காட்டுவாய். கோர்ட்டில் வாய்தாவுக்குப் போக இஷ்டமில்லாதவன் வருவான், "அண்ணாத்த, கால்ல ஒரு கட்டு போட்டு வுடேன்" என்பான். கட்டி விடுவாய். மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகப் பிடிக்காதவன் வருவான், அவனுக்குக் கையில் ஒரு கட்டு. பதிலுக்கு நாலு மத்தி மீன், இல்லாவிட்டால் இரண்டு முருங்கைக்காய். அதுகூட உனக்கு முக்கியமில்லை. 'கம்பவுண்டர் நல்ல மனுசன்' என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அரசாங்கத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டினாய்.

குப்பத்தில் அந்த மச்சான்மார் இரண்டு பேர் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? பஞ்சாயத்தில் 'அவன்தான் அடித்தான்' என்று காட்டுவதற்காக ஒருத்தன் விடிகாலையில் வந்து தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு போனான். அரை மணி கழித்து மற்றவன் வந்தான். அவனுக்கும் போட்டாய். இரண்டு பேரும் ஒரே அளவு, ஒரே பக்கம், ஒரே மாதிரி முடிச்சோடு பஞ்சாயத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரை அடித்தது என்று பெரியவர்களுக்கு விளங்கவே இல்லை. ஊர் ஒரு மாதம் சிரித்தது. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பதுகூட உனக்கு உறைக்கவில்லை.

நீ கெட்டவனாக இருந்திருந்தால் உன்னை வெறுத்திருப்பேன். வெறுக்கவாவது ஓர் ஆள் வேண்டும். நீ அடித்ததில்லை, குடித்ததில்லை, யாரையும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. உன்மேல் எனக்கு வந்தது இளக்காரம்தான். அது எந்த நாளில் வந்தது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில், கல்பாக்கத்தில் கட்டிட வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வருஷம். அம்மா அங்கே சித்தாள். காலையில் ஆறு மணிக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயும்போதுதான் இறக்கி விடும். தம்பிக்கு ஒன்றரை வயது. பாதி நாள் பக்கத்து வீட்டு அக்கா அவனைப் பார்த்துக்கொள்வாள், மீதி நாள் நான். அந்த மீதி நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்போது நான் ஐந்தாவது.

எங்கள் டீச்சர் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு நம் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "நாளைக்கு செங்கல்பட்டு ஹாஸ்டலுக்குப் பொண்ணுங்களை எடுக்க அதிகாரியம்மா வர்றாங்க. புள்ளையை நேர்ல பாக்காம பேர் எழுத மாட்டாங்க. ஹாஸ்டல் கிடைச்சா இவ மேல படிப்பா. நாளைக்கு வரலைன்னா இவளுக்குப் படிப்பு அஞ்சாவதோட சரி. எப்படியும் அனுப்பிடுங்க."

நீ இரண்டு கையையும் கூப்பினாய். "இன்னா டீச்சர் இப்டி சொல்லிட்டீங்க. நானே கூட்டியாந்து வுட்டுட்டுப் போறேன்."

அன்று மத்தியானம்தான் கால்வாயில் தண்ணீர் வற்றிக் கிடந்த இடத்தில் சிப்பி ஓடு என் இடது பாதத்தைக் கிழித்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. இரவுச் சோற்றுக்கு முன்னால் அம்மா உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தாள். "இத்தப் போயி காயம்னு சொல்லிகினு. காத்தால போவட்டும்" என்றாள். "ஆமாமா, போவட்டும் போவட்டும்" என்று நீயும் தலையை ஆட்டினாய்.

காலையில் லாரி வந்தது, அம்மா ஏறிப் போனாள். லாரிச் சத்தம் அடங்கும் வரை நீ டீயை ஊதிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உன் பையைத் திறந்தாய். உள்ளே பஞ்சு, துணி, டிங்சர் பாட்டில். முதல் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாய் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

"காலக் காட்டும்மா."

"வலிக்கவே இல்ல நைனா."

"இப்ப வலிக்காது. உள்ள சீழு புட்ச்சினு இருக்கும். மண்ணுல காலு வச்சின்னா செப்டிக் ஆயிடும். அப்பறம் காலயே எடுக்கணும்."

"டீச்சரு வரச் சொன்னாங்களே?"

"நான் லெட்டர் எழ்தித் தரேன். அட்த்த வர்ஷம் பாத்துக்கலாம், வுடு."

கால் மணி நேரம் கட்டினாய். பஞ்சை வைத்து, பாதத்தைச் சுற்றி, குதிகாலை வளைத்து, கணுக்காலுக்கு மேலே கொண்டுபோய், மறுபடி கீழே இறக்கி, எட்டு போடுகிற மாதிரி மாற்றி மாற்றிச் சுற்றினாய். கட்டும்போது மட்டும் உன் முகத்தில் அந்தப் பல்லிளிப்பு இருக்காது. உதட்டை மடித்துக்கொண்டு, வேறு ஆளாக இருப்பாய். முடித்ததும் காகிதம் எடுத்து எழுதினாய். 'என் மகளுக்குக் காலில் பலத்த காயம் ஏற்பட்டு நடக்க இயலாத நிலையில் இருப்பதால்' என்று ஆரம்பித்தது அந்தக் கடிதம். உனக்குக் கையெழுத்து அழகு. பள்ளிக்கூடம் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, என் தலையைத் தடவிவிட்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய்.

நான் ஒரு மணி நேரம் உன்னை நம்பினேன். காலை எடுத்துவிடுவார்களே என்று பயந்து சுவரில் சாய்ந்தபடி காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். தம்பி விறகுக் கட்டைகளின் பக்கம் தத்தித் தத்திப் போனான். அவனைப் பிடிக்கப் பதறி எழுந்து ஓடினேன். பிடித்துத் தூக்கிய பிறகுதான் கால் நினைவு வந்தது. வலியே இல்லை. குனிந்து கட்டைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று உன் கட்டுகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். நிஜப் புண்ணுக்குக் கட்டினால் சின்னதாகக் கட்டுவாய், துணியை மிச்சம் பிடிப்பாய். பொய்க்குக் கட்டும்போதுதான் உனக்குத் தாராளம் வரும். என் காலில் இருந்தது வாய்தாக்காரனுக்குப் போடுகிற கட்டு. பத்து வயதில் அது எனக்குப் புரிந்தது. என்னைப் படிக்க அனுப்ப உனக்கு மனசில்லை. அனுப்பினால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதை டீச்சரிடமும் சொல்ல முடியவில்லை, அம்மாவிடமும் சொல்ல முடியவில்லை, என்னிடமும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். நீ என் காலைப் பிடித்து அதன்மேல் உன் பொய்யைச் சுற்றிவிட்டுப் போனாய். த்தூ என்று இருந்தது எனக்கு. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ரோடு வழியாகப் போனால் ஆஸ்பத்திரியைத் தாண்ட வேண்டும், நீ பார்த்துவிடுவாய். அதனால் சவுக்குத் தோப்பு வழியாகப் போனேன். முழுக்க மணல். இரண்டு மைல் இருக்கும். அப்போது எனக்குச் செருப்பு கிடையாது. பையன் கனத்தான், இடுப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். வழியில் அவன் வேறு அழுதான். தோப்பைத் தாண்டியதும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஜீப் நிற்பது தெரிந்தது. டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்து, இடுப்பில் பிள்ளையோடு ஓடினேன்.

கண்ணாடி போட்ட அதிகாரியம்மா மேஜையில் நோட்டை மூடி வைத்திருந்தார். நோட்டின் மேல் உன் கடிதம். டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அதிகாரியம்மா என் காலைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுதான் நடக்க முடியாத பொண்ணா?" என்று கேட்டார்.

டீச்சர் என்னை பெஞ்சில் உட்கார வைத்துக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். நிஜமாகவே பெரிய காயத்தோடு நடந்து வந்துவிட்டேன் என்று நினைத்து மெதுவாக, பார்த்துப் பார்த்துப் பிரித்தார். துணி சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பள்ளிக்கூடமே சேர்ந்து கத்தியது. பதினேழில் துணி முடிந்தது. டீச்சர் பஞ்சை எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு.

"எங்க டீச்சர் காயம்?" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள்.

அதிகாரியம்மாவும் சிரித்துவிட்டார். "உங்கப்பா என்ன வேலை பாக்கறார்?"

"ஆஸ்பத்திரில கட்டு கட்றாரு."

அதற்கு இன்னொரு முறை சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. உன் அழகான கையெழுத்து அந்த மேஜையில் மல்லாந்து கிடந்தது. எனக்கு வந்த அவமானம் என்னைப் பற்றியது இல்லை, உன்னைப் பற்றியது. இந்த ஆளுக்குப் போய்ப் பிறந்தோமே என்று இருந்தது.

அதிகாரியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஹாஸ்டல்ல சேர்றியா?" என்றார்.

"சேர்றேன்."

"நீ போய்ட்டா தம்பியை யார் பாத்துப்பா?"

"எங்க நைனா பாத்துக்கும்" என்றேன். உன்னைப் போலவே கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து என் பெயரை எழுதினார்.

டீச்சர் கட்டை மறுபடி போடப் பார்த்தார், அது பாதத்தில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. "நானே கட்டிக்கிறேன் டீச்சர்" என்று வாங்கி, பாதம், குதிகால், கணுக்கால் என்று நீ சுற்றியபடியே சுற்றினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சும்மா நின்று பார்த்தார்கள்.

சாயங்காலத்துக்குள் உனக்குச் செய்தி வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் டீச்சரைப் பார்த்துக் கை கூப்பி, "நல்ல வேள டீச்சர், நானே தூக்கினு வர்லாம்னுதான் இருந்தேன், டூட்டியில மாட்டிகினேன்" என்று சொன்னாயாம். டீச்சர் பஸ் ஏறிவிட்டார். அம்மா வந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். தம்பியைத் தூக்கி உன் மடியில் வைத்து, "இனிமேட்டு இவன நீ பாத்துக்க" என்றாள். நான் ஹாஸ்டலுக்குப் போன ஜூன் மாதத்திலிருந்து அவன் உன் ஆஸ்பத்திரி மேஜைக்கு அடியில், பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் தூங்கி வளர்ந்தான். ஆஸ்பத்திரியில் யாரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மேஜைக்கு அடியில் கொஞ்சம் இடம், விஷயம் அவ்வளவுதான் இருந்தது. அதைக் கேட்க வாய் வராமல்தான் என் படிப்பை முடித்துவைக்கப் பார்த்தாய்.

இதையெல்லாம்கூட மறந்திருப்பேன். நீ மறக்க விட்டாயா? நான் டீச்சர் டிரெய்னிங் முடித்த வருஷத்திலிருந்து நீ கதை சொல்ல ஆரம்பித்தாய். "கால்ல எம்மாம் பெரிய காயம் தெரியுமா! போவாதன்னு சொன்னாலும் கேக்காம நடந்தே போச்சு எம் பொண்ணு" என்று டீக்கடையில் சொன்னாய், பஸ்ஸில் சொன்னாய். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்துச் சொன்னாய். அப்போது காயத்துக்கு எட்டுத் தையல் ஆகியிருந்தது. இரண்டு மைல் ஐந்து மைலாகியிருந்தது. தம்பியை என் இடுப்பிலிருந்து இறக்கிவிட்டிருந்தாய், கதைக்கு அவன் இடைஞ்சல். என் மாமியார் புடவையை லேசாக விலக்கி என் பாதத்தில் தழும்பைத் தேடினார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஒருநாளும் உன் கதையை நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுகிற அளவுக்கு உன்னை மதிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் சர்க்கரை வியாதி வந்து உன் காலிலேயே புண் வந்தது. நிஜப் புண். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் கழுவிக் கட்டினேன். நீ என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாய். இந்த ஆள் இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லுவான் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எதிர்பார்த்தேன்தான். போவதற்குப் பத்து நாள் முன்னால் வாயைத் திறந்தாய்.

"அன்னிக்கி நீ நடந்து போனியே. வழீல கட்டு அவுந்துச்சா?"

"இல்ல."

"அவுராது" என்றாய். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "மணலு உள்ள போச்சா?"

"போவல."

"போவாது. எட்டுக் கட்டு ஆச்சே." கண்ணை மூடிக்கொண்டாய். மன்னிப்புமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று தோன்றியது. நீ அந்தக் கட்டை ஏனோதானோ என்று கட்டியிருந்தால் தோப்பு மணலில் பாதி தூரத்தில் நழுவி விழுந்திருக்கும், வெட்டில் மணல் ஏறி, நடக்க முடியாமல் வழியிலேயே உட்கார்ந்திருப்பேன், ஜீப் போயிருக்கும். பொய்க்குக் கட்டினாலும் உனக்கு மோசமாகக் கட்டத் தெரியவில்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். முடிச்சை அவிழ்த்தேன். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசிச் சுற்றில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இழுத்தேன். அவள் "அம்மா!" என்று கத்திவிட்டாள். உள்ளே உள்ளங்கை வீங்கி, மூன்று தையல், ஓரத்தில் புதிதாக ரத்தம். கெளுத்தி மீன் முள் ஏறியிருக்கிறது. அவள் அப்பா கையிலிருந்தது லீவு லெட்டர் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு.

"லீவு கேக்க வர்ல மேடம்" என்றார். "ரெண்டு நாளு வூட்ல இருன்னு நானும் சொல்லிப் பாத்தேன், பள்ளிக்கூடம் போவணும்னு அழுவுது. எய்த முடியாது, சும்மா ஒக்காந்துகினு கேட்டுக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வைதான். இத்தனை வருஷமும் நான் உன்னைப் பார்த்த பார்வை அது. அது என்மேல் விழும் என்று நான் நினைத்ததே இல்லை.

"மன்னிச்சிருங்க" என்றேன். நம் வீட்டில் பழக்கமில்லாத வார்த்தை, நாக்கு புரளவில்லை. இரண்டாம் தரம் அந்தப் பெண்ணைப் பார்த்தும் சொன்னேன். அலமாரியிலிருந்து புதுத் துணி எடுத்து, புண்ணைக் கழுவித் துடைத்துக் கட்டினேன். நிஜப் புண்ணுக்கு நீ கட்டுகிற மாதிரி, சின்னதாக, துணியை மிச்சம் பிடித்து, விரல்கள் வெளியே தெரியும்படி. கட்டும்போது உதட்டை மடித்துக்கொண்டிருந்தேன் என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவளை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னேன். அப்பா தலையை அசைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மணி அடித்ததும் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். அந்தப் பெண் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள். வாசல் கேட் பக்கத்தில் திரும்பி அந்தக் கையையே எனக்கு ஆட்டிவிட்டுப் போனாள். நான் கட்டைத்தான் பார்த்தேன்.

அவுரல, நைனா.